வெள்ளைச் சுவரும் ஒரு பழைய கேமராவும்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வகுப்பறையில் நாம் பயன்படுத்தும் ஒரு கருவியைப் பற்றி ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து பலர் பேசிவிட்டீர்கள். திறன்பேசிச் செயலிகள், காணொலிப் பாடங்கள், உயர் தொழில்நுட்ப ஆய்வகம் என்று எல்லாமே இன்றைய கருவிகள். நான் பையிலிருந்து இதை எடுத்து மேசைமேல் வைத்ததும், பின்வரிசையில் ஒருவர் “கல்யாண ஆர்டரா டீச்சர்?” என்று கேட்டது காதில் விழுந்தது. இல்லை. ஆனால் இது பல கல்யாணங்களைப் பார்த்த கேமராதான்.

இதன் பெயர் நிக்கான் டி90. 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. நான் இதை வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் புதுக் கேமராவுக்கு மாறியபோது, லென்ஸும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே, “டீச்சர், இது நல்ல வேலைக்காரன். ஆனா ராத்திரி வேலைக்கு அனுப்பாதீங்க” என்றார். அன்று அது எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள ஓர் ஆண்டு விழாவைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.

இந்தக் கருவியின் பலம் என்ன, வரம்பு என்ன என்று பேசுகிறேன். அதோடு, இதை வைத்து நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். உண்மையில் அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் பலம். நான் அறிவியல் ஆசிரியை. பத்தாம் வகுப்பில் ஒளியியல் நடத்துகிறேன். குவிலென்ஸ், குவியத் தொலைவு, மனிதக் கண் என்று கரும்பலகையில் படம் போட்டுத்தான் பல ஆண்டுகள் நடத்தினேன். கேமராவும் கண்ணும் ஒன்றுபோல வேலை செய்கின்றன என்று சொல்வேன். பிள்ளைகளும் எழுதுவார்கள். ஆனால் செல்போனைப் பிரித்துக் காட்ட முடியாதே! அதன் லென்ஸ் பொட்டளவு. உள்ளே என்ன நடக்கிறது என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது.

இந்தக் கேமராவில் லென்ஸைத் தனியாகக் கழற்றலாம். கழற்றினால் உள்ளே 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி தெரியும். லென்ஸ் வழியாக வரும் ஒளி அதில் பட்டு மேலே எதிரொளிக்கிறது. மேலே ஒரு திரை, அதற்கும் மேலே ஐங்கோணப் பட்டகம். அந்தப் பட்டகம்தான் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்க வேண்டிய பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி மேலே எழும்புகிறது, ஷட்டர் திறக்கிறது, ஒளி பின்னால் இருக்கும் சென்சாரில் விழுகிறது. ‘சடக்’ என்று நாம் கேட்கும் சத்தம் அதுதான். அந்த நொடித்துளியில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். “அப்போ படம் எடுக்குற நேரத்த மட்டும் நாம பாக்குறதே இல்லையா மிஸ்?” என்று ஒரு மாணவன் கேட்டான். இருபது ஆண்டுகளாக ஒளியியல் நடத்துகிறேன், அப்படி ஒரு கேள்வி கரும்பலகைப் படத்திலிருந்து எழுந்ததில்லை.

பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் பிறகு வாங்கினேன். அதில் திறப்பின் அளவை மாற்றும் வளையம் இருக்கிறது. அதைத் திருப்பினால் உள்ளே இதழ்கள் சுருங்குவதும் விரிவதும் கண்ணுக்கு முன்னால் தெரியும். ஐரிஸ் எப்படிக் கண்பாவையைச் சுருக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்கவில்லை. வேறுபாட்டையும் காட்டலாம். நம் கண்லென்ஸ் தன் வடிவத்தை மாற்றிக் குவிக்கிறது. கேமராவில் கண்ணாடி வடிவம் மாறாது, லென்ஸ் முன்னும் பின்னும் நகர்கிறது. வளையத்தைத் திருப்பும் குழந்தைக்கு இது கையிலேயே தெரிந்துவிடும்.

கணக்கு ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. எஃப் எண் என்பது குவியத் தொலைவைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 1.8 என்றால் விட்டம் சுமார் 28 மில்லிமீட்டர். உள்ளே வரும் ஒளி பரப்பைப் பொறுத்தது, பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே எஃப் 5.6-லிருந்து எஃப் 1.8-க்குப் போனால் ஒளி எத்தனை மடங்கு? 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள். ஏறக்குறைய 10 மடங்கு. வர்க்கம் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இது ஒரு பதில்.

அடுத்த பலம், சென்சாரின் அளவு. இதன் சென்சார் 23.6 மில்லிமீட்டர் நீளம், 15.8 மில்லிமீட்டர் அகலம். நம் கையில் இருக்கும் சாதாரண போன்களின் சென்சாரைவிடப் பரப்பில் பத்து மடங்குக்கும் மேல். மெகாபிக்சல் 12.3தான். இன்றைய விளம்பரங்களைப் பார்த்தவர்களுக்கு 12 என்பது சிரிப்பாக இருக்கும். ஆனால் ஒரு படத்தின் அளவு 4288க்கு 2848 புள்ளிகள். ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்கிட்டாலும் ஏ4 தாளுக்குப் போதும். ஏ3 அளவில் அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டினாலும் தெளிவாகவே இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில், மர நிழலில், முகங்களை எடுக்கும்போது இந்தக் கேமரா இன்றும் என்னை ஏமாற்றியதில்லை.

இன்னொன்று, இதில் வேண்டியவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பொத்தானும் சக்கரமும் உண்டு. தொடுதிரை இல்லை. பிள்ளைகள் முதலில் திரையை விரலால் தேய்த்துப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. பிறகு சக்கரத்தைத் திருப்பிப் பழகுவார்கள். எதைத் திருப்பினால் எது மாறுகிறது என்று கற்பிக்க இது வசதி. பேட்டரியும் நன்றாக உழைக்கும். ஒரு முழு சார்ஜில் 850 படம் என்பது தயாரிப்பாளர் சொன்ன கணக்கு. ஒரு நாள் களப்பயணத்துக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை.

இனி வரம்புகள். ஸ்டுடியோ அண்ணன் சொன்ன ராத்திரி வேலைக்கு வருகிறேன்.

கேமரா வாங்கிய முதல் ஆண்டு, எங்கள் பள்ளி ஆண்டு விழா மாலை ஆறரைக்குத் தொடங்கியது. மேடையில் இரண்டு குழல் விளக்குகள், ஒரு மஞ்சள் விளக்கு. நான் பத்து மீட்டர் தள்ளி, பெற்றோர்களுக்குப் பின்னால் பெருமையோடு நின்றேன். இதனுடன் வந்த லென்ஸ் 18 முதல் 105 மில்லிமீட்டர் வரை. 105-க்கு நீட்டினால் திறப்பு எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். இதன் ஒளியுணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 200-லிருந்து 3200 வரைதான் வழக்கமான எல்லை. அதற்கு மேல் 6400-க்கு இணையான ஓர் அமைப்பு உண்டு. ஆனால் 1600-ஐத் தாண்டினாலே மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். நான் 1600-ல் வைத்தேன். ஷட்டர் வேகம் நொடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. ஆடுகிற பிள்ளை அந்த நேரத்துக்குள் கையை எங்கிருந்து எங்கு கொண்டுபோவாள்? அத்தனை படத்திலும் கை, கால் எல்லாம் புகை.

ஃபிளாஷைத் திறந்தேன். அதற்கும் ஒரு கணக்கு உண்டு. இதன் உள்ளிணைந்த ஃபிளாஷின் வழிகாட்டு எண் ஐஎஸ்ஓ 200-ல் 17 மீட்டர். அதை எஃப் எண்ணால் வகுத்தால் எட்டும் தொலைவு வரும். 17-ஐ 5.6-ஆல் வகுத்தால் 3 மீட்டர். மேடை இருந்ததோ பத்து மீட்டரில். எனக்குக் கிடைத்தவை, முன்வரிசைப் பெற்றோர்களின் தலைகள் பளிச்சென்றும் அதற்கப்பால் இருட்டாகவும் இருந்த படங்கள். பக்கத்தில் தமிழாசிரியர் தன் போனில் எடுத்தவை சுமாராகவாவது இருந்தன. போன் ஒரே நேரத்தில் பல படங்களை எடுத்துக் கணக்கிட்டு ஒன்றாக்கிவிடுகிறது. 2008 கேமராவுக்கு அந்த மூளை கிடையாது. அது ஒரு முறை பார்த்ததைத்தான் தரும்.

வீடியோவிலும் அப்படித்தான். வீடியோ எடுக்கும் வசதியோடு வந்த முதல் டிஎஸ்எல்ஆர் கேமரா இதுதான். அந்தப் பெருமை இதற்கு உண்டு. ஆனால் முதல் என்றால் முதல் அடிதான். நொடிக்கு 24 சட்டகம், 720 வரிகள், அந்தத் தரத்தில் ஒரு துண்டு 5 நிமிடத்துக்கு மேல் ஓடாது. பதிவாகும்போது தானாகக் குவிக்காது, நாம்தான் வளையத்தைத் திருப்ப வேண்டும். பாடக் காணொலி எடுக்க நினைப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். உங்கள் போனே போதும்.

எடையும் உண்டு. லென்ஸோடு சேர்த்தால் ஒரு கிலோவைத் தாண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கழுத்தில் வாரை மாட்டாமல் கையில் தரக் கூடாது. வைஃபை கிடையாது. நினைவக அட்டையும் 32 ஜிபி வரையிலான பழைய வகையையே பார்த்து வாங்க வேண்டும். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைத்திருக்கிறேன். நீல நிற மணிகள் ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறும். அதுவும் ஒரு பாடம். ஆனால் அந்த மணிகளைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

இந்த வரம்புகள் எல்லாம் புத்தகத்திலேயே இருப்பவை. தெரிந்துகொண்டால் சுற்றிப் போகலாம். மறு ஆண்டு 50 மில்லிமீட்டர் லென்ஸோடு மேடைக்கு அருகே போய்த் தரையில் உட்கார்ந்தேன். எஃப் 1.8-ல் பத்து மடங்கு ஒளி. பதினைந்தில் ஒரு பங்காக இருந்த வேகம் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்குக்கு ஏறியது. கைகள் கைகளாகவே வந்தன.

ஆனால் இன்னொரு வரம்பு இருந்தது. அது எனக்கு இரண்டாம் ஆண்டு வரை தெரியவில்லை. நான் சொல்ல வந்த தவறு அதுதான்.

முதல் ஆண்டே ஒன்பதாம் வகுப்புக்குக் குழுப்படம் எடுத்தேன். எங்கள் பள்ளியில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்த நீண்ட வெள்ளைச் சுவர் இருக்கிறது. நல்ல வெயில். பிள்ளைகளை மூன்று வரிசையாக அதன் முன்னால் நிறுத்தினேன். படம் அவ்வளவு தெளிவு. சட்டைப் பொத்தானை எண்ணலாம். ஏ3 அளவில் அச்சிட்டு வகுப்பில் மாட்டினேன். இடைவேளையில் எல்லாரும் கூடி நின்று தங்களைத் தேடினார்கள். பின்வரிசையில் நின்றிருந்த ஒரு பெண் வந்து பார்த்தாள், போய்விட்டாள். நான் கவனித்தேன். ஆனால் கண்டுகொள்ளவில்லை.

அவள் பெயர் வேண்டாம். நன்றாகப் படிக்கிற பெண். அதன்பின் நான் கேமராவை எடுத்தால் அவள் இருக்க மாட்டாள். அறிவியல் கண்காட்சியில் அவள் செய்த மாதிரிக்குப் பக்கத்தில் வேறொரு பெண் நின்றாள். சுற்றுலாவில் எல்லார் பையையும் அவளே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொறுப்பான பிள்ளை என்று நான் பாராட்டவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

பத்தாம் வகுப்பு வந்தது. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலுக்குப் படம் வேண்டும். எல்லாரும் கொடுத்துவிட்டார்கள், அவள் மட்டும் தரவில்லை. “நானே எடுத்துத் தர்றேன், வா” என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். “வேணாம் மிஸ். போட்டோல நான் கறுப்பாதான் விழுவேன். உங்க படத்துல நான் எங்க இருக்கேன்னு எங்கம்மாவாலயே கண்டுபிடிக்க முடியல.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நம்மில் பலர் சொல்வதைத்தான் சொன்னேன். “கறுப்புதாம்மா அழகு. அதெல்லாம் மனசுல வெச்சுக்காத.” அவள் சரி மிஸ் என்றாள். ஆறுதல் சொன்னதாக நான் நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னதோ ஒரு புகார். என் படத்தில் அவள் இல்லை என்பது புகார். ஆறுதல் சொன்னால் புகார் தீருமா?

வகுப்புக்குப் போய் அந்தக் குழுப்படத்தை முதல்முறையாக அவள் கண்ணோடு பார்த்தேன். சுவர் அழகான சாம்பல் வெள்ளை. சட்டைகள் தெளிவு. மாநிறப் பிள்ளைகள் சற்று இருண்டிருந்தார்கள். கறுத்த பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு முகமே இல்லை. தலைமுடி எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஓராண்டாக அந்தப் படம் என் முதுகுக்குப் பின்னால் தொங்கியிருக்கிறது.

ஸ்டுடியோ அண்ணனிடம் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்த மாத்திரத்தில் சொன்னார். “டீச்சர், தப்பு புள்ளைங்க மூஞ்சில இல்ல, பின்னாடி இருக்குற சுவத்துல. கேமராவுக்கு எல்லாமே நடுவாந்தரம்தான். வெள்ளையக் காட்டினா கண்ணு கூசுதுன்னு மொத்தத்தையும் இருட்டாக்கிடும்.”

அவர் சொன்னதன் அறிவியல் இது. கேமரா தன்மேல் வந்து விழும் ஒளியை அளக்கிறது. ஆனால் அந்த ஒளி வெள்ளைப் பொருளிலிருந்து வருகிறதா, அல்லது சாதாரணப் பொருள்மேல் அதிக வெயில் பட்டு வருகிறதா என்று அதற்கு உறுதியாகத் தெரியாது. அதனால் தன்முன் இருப்பது மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்போஷரைக் கணக்கிடுகிறது. சட்டகத்தில் பாதிக்கு மேல் வெள்ளைச் சுவர் என்றால், அதை நடுத்தரத்துக்கு இழுக்க ஒளியைக் குறைக்கிறது. சுவரோடு சேர்ந்து முகங்களும் இறங்குகின்றன. ஏற்கெனவே குறைவாக ஒளியை எதிரொளிக்கும் முகம் இருளுக்குள் போய்விடுகிறது. இது டி90 என்ற ஒரு கேமராவின் குறை அல்ல. எதிரொளித்த ஒளியை அளக்கும் எந்தக் கேமராவுக்கும் உள்ள இயல்பு. புதியவை முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் சரிசெய்துகொள்கின்றன. பழையது நம்மிடம் விட்டுவிடுகிறது.

விட்டுவிடுகிறது என்றாலும் அதற்கான பொத்தானைக் கொடுத்திருக்கிறது. ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்ட ஒரு சிறு பொத்தான். அதை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பி கூட்டல் 1 என்று வைத்தால், கேமரா கணக்கிட்டதைப்போல இருமடங்கு ஒளி உள்ளே வரும். அவ்வளவுதான். ஓராண்டாக அந்தப் பொத்தான் என் ஆள்காட்டி விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி இருந்திருக்கிறது.

மறுநாள் இதை வகுப்பில் சோதனையாகவே செய்தேன். நீங்களும் செய்யலாம். ஒரு வெள்ளை அட்டை, ஒரு கறுப்பு அட்டை, ஒரு சாம்பல் அட்டை. மூன்றையும் ஒரே நிழலில் வையுங்கள். ஒவ்வொன்றும் சட்டகம் முழுக்க நிறையும்படி, எக்ஸ்போஷரைக் கேமராவின் விருப்பத்துக்கே விட்டு எடுங்கள். வெற்று அட்டையில் குவிக்கக் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது, படமே எடுக்காமல் நிற்கும். அதனால் குவிப்பதை மட்டும் கைமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

மூன்று படத்தையும் அடுத்தடுத்துக் காட்டினேன். மூன்றும் சாம்பல். பிள்ளைகள் நம்பவில்லை. அட்டையை மாற்றிவிட்டேன் என்றார்கள். அவர்களையே எடுக்கச் சொன்னேன். மறுபடியும் மூன்றும் சாம்பல். இதே கேமராவின் திரையில் ஹிஸ்டோகிராம் பார்க்கலாம். மூன்றிலும் மேடு நடுவில்தான் நின்றது. புள்ளியியல் பாடத்தில் செவ்வகங்களாக வரையும் அதே வரைபடம்.

அப்போது அந்தப் பெண் எழுந்தாள். “அப்படின்னா கேமராவுக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாதா மிஸ்?”

“தெரியாது. நடுவுல இருக்கறதுதான் தெரியும். மத்ததை நாமதான் சொல்லித் தரணும்.”

சொல்லிவிட்டு நானே ஒரு நொடி நின்றேன். வகுப்பில் நாம் நடத்தும் வேகமும் நடுவில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஏற்றதுதானே. அதைப் பற்றி இங்கே நான் உரை நிகழ்த்தப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

அன்று மாலை நாலு மணிக்கு வேப்பமர நிழலில் எல்லாரையும் எடுத்தோம். சுவர் பக்கம் போகவில்லை. முகம் வரை நெருங்கிப் போய், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக அளந்தோம். அவள் முறை வந்தபோது ஹிஸ்டோகிராமைப் பார்த்து எவ்வளவு கூட்டணும் என்று அவளே சொன்னாள். படத்தைத் திரையில் நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். “கறுப்பாதான் இருக்கேன் மிஸ். ஆனா கண்ணு தெரியுது.”

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் செய்தது வெளுப்பாக்கும் வேலை அல்ல. படத்தை அச்சிடக் கொண்டுபோன கடையில், கேட்காமலேயே “கொஞ்சம் கலர் ஏத்தித் தரவா மேடம்?” என்றார்கள். தேர்வு அறைச்சீட்டுப் படத்துக்குப் பலரும் அப்படித்தான் கேட்கிறார்களாம். வேண்டாம் என்றேன். சரியான எக்ஸ்போஷர் என்பது இருப்பதை இருக்கிறபடி தெரியவைப்பது. வெளுப்பாக்குவது இருப்பதை மறைப்பது. முன்னால் என் கேமரா அந்தப் பிள்ளையை இருட்டில் மறைத்தது. கணினியில் வெளுத்தால் வெளிச்சத்தில் மறைத்ததாகும். இரண்டிலும் காணாமல் போவது அவள்தான். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் வாய்விட்டுப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பழைய குழுப்படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். அதைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. நானாகவே வகுப்பில் சொன்னேன், “இந்தப் படத்துல தப்பு பண்ணினது நான். உங்க முகம் இல்ல.” நாலைந்து பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் ஒருத்தி மட்டும் அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கடைசியாக இரண்டு நடைமுறைச் செய்திகள்.

ஒன்று, இதில் வைஃபை இல்லாததை வரம்பு என்று சொன்னேன். அதில் ஒரு நன்மையும் இருக்கிறது. போனில் எடுத்த படம் அரை நிமிடத்தில் மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. அதில் எந்தப் பிள்ளை கண்ணை மூடியிருக்கிறது, யாருடைய சட்டை கிழிந்திருக்கிறது, யார் முகம் தெரியவில்லை என்று யாரும் பார்ப்பதில்லை. இதில் எடுத்தால் அட்டையைக் கழற்றி, கணினியில் போட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு மாலை நேரத்தில் பல படங்களை நான் அனுப்பாமல் விட்டிருக்கிறேன். போனில் எடுப்பவர்களும் அந்த ஒரு மாலையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டே வெளியே அனுப்பலாம்.

இரண்டு, இப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்கு. இரவு நிகழ்ச்சிக்கும் காணொலிக்கும் வேண்டும் என்றால் வாங்காதீர்கள். ஒளியியல் கற்பிக்கவும், பகலில் பிள்ளைகளை நன்றாக எடுக்கவும், பிள்ளைகள் கையில் கொடுத்துப் பழக்கவும் வேண்டும் என்றால் வாங்கலாம். வாங்கும்முன் நான்கைப் பாருங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே சிலந்திவலைபோலப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். திறப்பை எஃப் 16-க்குச் சுருக்கி வெறும் வானத்தை எடுத்தால் சென்சாரிலுள்ள தூசி கரும்புள்ளியாகத் தெரியும். இந்த வகைக் கேமராவின் ஷட்டர் 100000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்பது எடுத்த படத்தின் கோப்பிலேயே பதிவாகியிருக்கும், கணினியில் பார்க்கலாம். பேட்டரியை முழுக்க ஏற்றி, ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள். எச்சில் படும்.

அந்தப் பெண் இப்போது மேல்நிலை வகுப்பில் வேறு பள்ளியில் படிக்கிறாள். போகும்முன் அவர்கள் வகுப்புக்கான கடைசிக் குழுப்படத்தை அவளே எடுத்தாள். பின்னால் சுவர் இல்லை, வேப்பமரம்தான். எல்லார் முகமும் தெரிகிறது. ஆனால் எடுத்தவள் படத்தில் இல்லையே என்று பிள்ளைகள் சத்தம் போட்டார்கள். இந்தக் கேமராவில் பத்து நொடி தாமதித்து எடுக்கும் வசதி உண்டு. ஒரு மேசைமேல் இரண்டு புத்தகத்தை அடுக்கிக் கேமராவை வைத்தாள். பொத்தானை அழுத்திவிட்டு ஓடினாள். பின்வரிசைக்குப் போகவில்லை. நடுவில் வந்து நின்றாள்.

அந்தப் படம் இப்போது எங்கள் பள்ளியில் மாட்டியிருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்.